‘பயனடைந்தனர்’ என்று எப்போது எழுதலாம்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

உங்கள் நாளிதழில் உள்ளூர்ச் செய்திகள் வரும் பக்கத்தைத்தான் நான் முதலில் பிரிப்பேன். மாதத்துக்கு இரண்டு மூன்று தடவையாவது அங்கே ஒரே மாதிரி ஒரு செய்தி வந்துவிடும். இலவசப் புற்றுநோய்ப் பரிசோதனை முகாம் நடந்தது, இன்னார் தொடங்கி வைத்தார், இன்னார் முன்னிலை வகித்தார், மருத்துவக் குழுவினர் பரிசோதித்தார்கள். கூடவே ரிப்பன் வெட்டும் படம். கடைசி வரி மட்டும் மாறவே மாறாது: ‘ஏராளமானோர் கலந்துகொண்டு பயனடைந்தனர்.’

அந்தக் கடைசி வரியைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

நான் முப்பத்தொரு வருடம் செவிலியராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். பெரும்பாலும் ஆபரேஷன் தியேட்டரில். இப்படி ஒரு முகாமுக்கு என் அக்காவை நானே போன் போட்டு அனுப்பி வைத்தேன். அவளுக்கு அப்போது 52 வயது. “எனக்கு ஒண்ணும் இல்லடி, எதுக்கு வீணா அலைச்சல்” என்றாள். “ஒண்ணும் இல்லைன்னு தெரிஞ்சுக்கத்தான் போகச் சொல்றேன்கா” என்றேன். போனாள். கருப்பைவாயிலிருந்து மாதிரி எடுத்தார்கள். முடிவு வர இரண்டு வாரம் ஆகும், நாங்களே கூப்பிடுவோம் என்று சொல்லி, ஒரு எண் எழுதிய துண்டுச் சீட்டைக் கையில் கொடுத்து அனுப்பினார்கள்.

யாரும் கூப்பிடவில்லை. கூப்பிடாததையே அவள் நல்ல சேதியாக எடுத்துக்கொண்டாள். “ஏதாவது இருந்தா சொல்லியிருக்க மாட்டாங்களா?” என்று என்னையே கேட்டாள். நானும் அதோடு விட்டுவிட்டேன். ரிப்போர்ட் கைக்கு வராமல் எதையும் நம்பாதீர்கள் என்று எத்தனையோ நோயாளிகளிடம் சொன்னவள் நான். சொந்த அக்காவிடம், ரிப்போர்ட் எங்கே என்று இரண்டாவது முறை கேட்கவில்லை.

பதினான்கு மாதம் கழித்து அவளுக்கு ரத்தம் பட ஆரம்பித்தது. மாதவிலக்கு நின்று மூன்று வருடம் ஆனவளுக்கு. டாக்டரிடம் கூட்டிப்போனேன். சோதித்துவிட்டு, “இதுக்கு முன்னாடி எப்பவாவது டெஸ்ட் பண்ணியிருக்கீங்களாம்மா?” என்று கேட்டார். அக்கா பர்ஸைத் திறந்து அந்தத் துண்டுச் சீட்டை எடுத்து மேஜைமேல் வைத்தாள். நாலாக மடித்தது, மடிப்புகளில் நைந்து போயிருந்தது. எண் மட்டும் அழியாமல் இருந்தது. பதினான்கு மாதமும் அதைப் பத்திரமாக வைத்திருந்திருக்கிறாள்.

சீட்டை எடுத்துக்கொண்டு, முகாமை நடத்தியவர்களைத் தேடிப் போனேன். யார் என்று எழுதப்போவதில்லை. நல்ல எண்ணத்தில் நடத்தியவர்கள்தான்; பதிவேட்டை ஒளிக்காமல் காட்டினார்கள். நீளமான கோடு போட்ட நோட்டு. அக்காவின் பெயரைச் சிவப்பு மையில் வட்டமிட்டிருந்தார்கள். முகவரி என்ற கட்டத்தில் தெருவின் பெயர் மட்டும் இருந்தது, கதவு எண் இல்லை. போன் எண் அவளுடைய மகனுடையது. அவன் வேலை மாறியபோது எண்ணையும் மாற்றிவிட்டிருந்தான். கடைசிக் கட்டத்தில் பென்சிலால், ‘போன் போகவில்லை’ என்று எழுதியிருந்தது. அதற்குக் கீழே வேறொரு தேதி போட்டு, இன்னொரு முறை, ‘போன் போகவில்லை’. அதோடு முடிந்தது. ரிப்போர்ட்டில், புற்றாக இருக்கலாம், உடனே மேல் பரிசோதனை தேவை என்று தெளிவாகவே இருந்தது. அந்தத் தெருவில் நாலு பேரை விசாரித்திருந்தால் வீட்டைக் காட்டியிருப்பார்கள். யாரும் போகவில்லை.

நான் போய்ச் சேர்ந்தபோது நோய் மூன்றாம் நிலையில் இருந்தது. கதிர்வீச்சு, கீமோ எல்லாம் பார்த்தோம். இரண்டு வருடம் இருந்தாள். அந்த முகாமின் கணக்கில் ‘பயனடைந்தவர்கள்’ என்று போட்ட எண்ணிக்கையில் என் அக்காவும் ஒருத்தி.

கருப்பைவாய்ப் புற்றுநோய் திடீரென்று வந்து ஆளை அடிக்கும் நோய் இல்லை. வந்தவர்களில் ஏறக்குறைய எல்லோருக்குமே அது எச்.பி.வி என்ற வைரஸ் தொற்றால் வருகிறது. அதைக் கண்டுபிடித்த ஜெர்மானிய விஞ்ஞானி ஹரால்ட் சூர் ஹவுசனுக்கு 2008-ல் நோபல் பரிசு கொடுத்தார்கள். தொற்று வந்த பெரும்பாலோருக்கு ஓரிரு வருடத்தில் உடம்பே அதை விரட்டிவிடும். விரட்ட முடியாமல் தங்கிவிடுகிற சிலருக்குத்தான் கருப்பைவாயின் செல்கள் கொஞ்சம் கொஞ்சமாக மாறுகின்றன. அது புற்றாக மாற பொதுவாகப் பதினைந்து இருபது வருடம் ஆகும். அத்தனை வருடமும் கதவு திறந்தேதான் இருக்கிறது. நடுவில் எப்போது பார்த்திருந்தாலும் பெரும்பாலும் சில நிமிட சிகிச்சையில் முடித்துவிடலாம். அப்படியிருந்தும் 2022-ஆம் வருடத்தில் மட்டும் உலகம் முழுக்க சுமார் 6 லட்சத்து 60 ஆயிரம் பெண்களுக்கு இந்த நோய் வந்தது. சுமார் 3 லட்சத்து 50 ஆயிரம் பேர் இறந்தார்கள். இந்த நோயைப் பற்றித் தெரிந்தவர்களுக்கு இதைவிட வயிற்றெரிச்சல் வேறு இல்லை.

முகாம்களே வேண்டாம் என்று சொல்கிறேன் என யாரும் நினைத்துவிடக்கூடாது. முகாம் வேண்டும், இன்னும் நிறைய வேண்டும். வலி வந்தால்தான் டாக்டரிடம் போவது என்று பழகியவர்கள் நாம். ஆனால் ஆரம்பப் புற்று வலிப்பதில்லை. வலிக்காத ஒன்றுக்காக ஒரு நாள் கூலியை விட்டு மருத்துவமனைக்குப் போ என்றால் யார் போவார்கள்? அதனால் நாம்தான் அவர்களைத் தேடிப் போகவேண்டும், இலவசமாகவோ குறைந்த கட்டணத்திலோ பார்க்கவேண்டும். அதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. பரிசோதனை என்பது பாதி வழி. அந்தப் பாதி வழியில் ஆளை நிறுத்திவிட்டு வந்துவிடுகிறோம் என்பதுதான் என் குறை.

இதை அனுபவித்துத் தெரிந்துகொண்ட ஒரு டாக்டரைப் பற்றிப் படித்தேன். ஹரோல்ட் ஃப்ரீமன், அறுவை சிகிச்சை நிபுணர். நியூயார்க்கில் கறுப்பின ஏழை மக்கள் அதிகம் வாழ்ந்த ஹார்லெம் பகுதி மருத்துவமனையில் 1967-ல் வேலைக்குச் சேர்ந்தவர். மார்பகப் புற்றுநோயோடு அங்கே வந்த பெண்களில் ஏறக்குறைய பாதிப் பேர் முற்றிய நிலையில்தான் வந்தார்கள். 1964-லிருந்து 1986 வரை வந்தவர்களைக் கணக்கெடுத்துப் பார்த்தால், ஐந்து வருடம் தாண்டி உயிரோடு இருந்தவர்கள் 39 சதவீதம். இத்தனைக்கும் 1979-லேயே அவர் அந்த மக்களுக்காக இலவசப் பரிசோதனை மையம் திறந்துவிட்டார். பெண்கள் வந்தார்கள், சோதித்துக்கொண்டார்கள். ஆனால் கட்டி இருக்கிறது என்று தெரிந்த பிறகும் பலர் சிகிச்சைக்குப் போய்ச் சேரவில்லை. காப்பீடு இல்லை, எந்தக் கவுண்டரில் எதைக் கேட்பது என்று தெரியவில்லை, பிள்ளைகளை விட்டுவர இடமில்லை, பயம், டாக்டர்கள்மேல் அவநம்பிக்கை. 1990-ல் அவர் ஒரு புது ஏற்பாடு செய்தார். சந்தேகமான முடிவு வந்த ஒவ்வொருவருக்கும் துணையாக, அந்தப் பகுதியைத் தெரிந்த ஒருவரை நியமித்தார். அவருடைய வேலை, அந்தப் பெண்ணைச் சிகிச்சை வாசல் வரை கொண்டுபோய்ச் சேர்ப்பது மட்டும்தான். 1995-லிருந்து 2000 வரை அதே மருத்துவமனையில் பார்த்தவர்களில் ஐந்து வருடம் தாண்டியவர்கள் 70 சதவீதம். இலவசப் பரிசோதனையும் வழித்துணையும் சேர்ந்து செய்த வேலை அது.

அதே அமெரிக்காவில் அரசாங்கமே இந்தத் தவறைச் செய்தது. வசதியில்லாத பெண்களுக்கு மார்பக, கருப்பைவாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனை செய்ய 1990-ல் சட்டம் போட்டார்கள். கண்டுபிடித்த நோய்க்குச் சிகிச்சைச் செலவை யார் கொடுப்பது என்பதற்குச் சட்டம் வந்தது 2000-ல். நடுவில் பத்து வருடம். உங்களுக்குப் புற்றுநோய் இருக்கிறது என்று சொல்லிவிட்டு, சிகிச்சைக்குப் பணம் தேடிக்கொள்ளுங்கள் என்று அனுப்பினால் அந்தப் பெண் என்ன செய்வாள்? அப்படிச் சொல்வதற்குச் சொல்லாமலே இருந்திருக்கலாம் என்றுகூட எனக்குத் தோன்றியிருக்கிறது.

சரியாகச் செய்து காட்டிய இடமும் உண்டு. 2007-ல் ‘லான்செட்’ மருத்துவ இதழில் வந்த ஆய்வு ஒன்று, திண்டுக்கல் மாவட்டத்தில் நடந்தது. 30 முதல் 59 வயது வரையுள்ள பெண்களுக்குப் பயிற்சி பெற்ற செவிலியர்களே பரிசோதனை செய்தார்கள். பெரிய கருவி எதுவும் கிடையாது. நீர்த்த அசிட்டிக் அமிலத்தை, அதாவது வினிகரில் இருக்கிற அதே அமிலத்தை, பஞ்சில் நனைத்துக் கருப்பைவாயில் தடவி ஒரு நிமிடம் பொறுத்துப் பார்த்தால், மாறிப்போன செல்கள் உள்ள இடம் மட்டும் வெள்ளையாகத் தெரியும். சந்தேகம் வந்தவர்களைத் திருப்பி அனுப்பவில்லை. அங்கேயே மேல் பரிசோதனை. பொருத்தமானவர்களுக்கு அங்கேயே, அப்போதே, உறைய வைத்து அழிக்கும் சிகிச்சை. வாழ்நாளில் ஒரே ஒரு முறை செய்த அந்தப் பரிசோதனையால் கருப்பைவாய்ப் புற்றுநோய் இறப்பு 35 சதவீதம் குறைந்தது. வந்தவர் எழுந்து போகும் முன்னே சிகிச்சையும் முடிந்துவிட்டது என்பதைத்தான் ஒரு செவிலியராக நான் இதில் பார்க்கிறேன். இப்போது கையில் பிடிக்கிற அளவுக் கருவியால் சூடு வைத்து அழிக்கிற முறையும் வந்துவிட்டது. ஒரு இடத்துக்கு அரை நிமிடம் போலத்தான் ஆகும்.

ஓய்வு பெற்ற பிறகு முகாம்களில் உதவிக்குப் போக ஆரம்பித்தேன். சோதனை செய்கிற அறையில் எனக்கு வேலை வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிட்டேன். பதிவு மேஜையில் உட்காருகிறேன். ஏன் என்று உங்களுக்குப் புரிந்திருக்கும்.

ஒருவருக்கு மூன்று போன் எண் வாங்குகிறேன். ஒன்று அவருடையது, ஒன்று வீட்டில் உள்ளவருடையது, மூன்றாவது அவர் நம்புகிற ஒரு தோழியுடையதோ பக்கத்து வீட்டுக்காரருடையதோ. அந்த மேஜையிலேயே அவருடைய எண்ணுக்கு ஒரு மிஸ்டு கால் கொடுத்துப் பார்க்கிறேன். பத்துப் பேரில் ஒருவர் இருவருடைய எண்ணாவது தப்பாக இருக்கும். அவசரத்தில் ஒரு இலக்கம் மாறியிருக்கும். கதவு எண் இல்லாவிட்டால் வீட்டுக்கு எதிரில் என்ன இருக்கிறது, கேட் என்ன நிறம் என்று எழுதிக்கொள்கிறேன். எந்த நேரத்தில் கூப்பிட்டால் தனியாகப் பேசமுடியும் என்பதையும் கேட்கிறேன். இந்தக் கேள்வியைக் கேட்டதும் பல பெண்களின் முகம் மாறும். இதுவரை யாரும் அவர்களிடம் கேட்டிருக்கமாட்டார்கள் போல. அப்புறம் வரிசை நீள்கிறது என்று பின்னாலிருந்து சத்தம் வரும். வரட்டும். ஒருவருக்கு ஐந்து நிமிடம் ஆகத்தான் செய்யும்.

ஒரு பெண்ணுக்கு எச்.பி.வி இருக்கிறது என்று முடிவு வந்தது. போனை எடுக்கவில்லை, மூன்று எண்ணிலும். வீட்டுக்குப் போனேன். கணவரும் மாமியாரும் கூடத்தில் உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் எதிரில் எதையும் சொல்லக்கூடாது என்று தெரியும். முகாமில் ஒரு சீட்டைத் தவறவிட்டுவிட்டார், கொடுத்துவிட்டுப் போகலாம் என்று வந்தேன் என்றேன். வாசல் வரைக்கும் என்னோடு வந்தாள். அங்கே நின்றுதான் சொன்னேன். முதலில் அவள் கேட்டது, “எனக்குக் கேன்சரா அக்கா?” இல்லை, இது கேன்சர் வராமல் தடுப்பதற்கான நேரம் என்றேன். இரண்டாவது கேள்விக்குக் குரல் இறங்கிவிட்டது. “இது யார்கிட்டேருந்து வந்திருக்கும்?”

அந்தக் கேள்விக்காகத்தான் அவள் போனை எடுக்காமல் இருந்திருக்கிறாள் என்று எனக்கு அப்போது புரிந்தது. எங்கேயோ யாரோ, இது தப்பு செய்தவர்களுக்கு வருகிற நோய் என்று சொல்லியிருக்கிறார்கள். நான் சொன்னேன்: திருமண வாழ்க்கையில் இருக்கிற ஆணோ பெண்ணோ, பெரும்பாலோருக்கும் எப்போதாவது ஒரு தடவை இந்த வைரஸ் வந்துதான் போகிறது. வருடக்கணக்கில் சத்தமில்லாமல் உடம்பில் இருக்கும். யாரிடமிருந்து எப்போது வந்தது என்று எந்த டாக்டராலும் சொல்லமுடியாது. அதைத் தோண்டுவதில் பிரயோஜனம் இல்லை, மேற்கொண்டு என்ன செய்வது என்று பார்ப்போம். கேட் கம்பியைப் பிடித்தபடியே கேட்டுக்கொண்டிருந்தாள். அடுத்த வாரம் வந்தாள், நானும் கூடப் போனேன். ஆரம்பநிலை மாற்றம்தான் இருந்தது. அரை மணி நேரத்தில் சிகிச்சை முடிந்து வீட்டுக்குப் போய்விட்டாள். ஒரு வருடம் கழித்து மறுபடி பார்க்கவேண்டும், தேதியை எழுதி வைத்திருக்கிறேன்.

இவளுக்குக் கடிதம் அனுப்பியிருந்தாலோ, குறுஞ்செய்தி அனுப்பியிருந்தாலோ என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். கணவரின் போனில் அந்தச் செய்தி போய் விழுந்திருந்தால்? விழிப்புணர்வு ஊட்டுகிறோம் என்று ஒலிபெருக்கியில் பேசுகிறவர்கள் முதலில் இந்த வைரஸைப் பற்றிய அவமானத்தை எடுக்கவேண்டும். நாலு சுவரொட்டியைவிட அது பெரிய வேலை.

ஆண்கள் கதை வேறு. லாரி ஓட்டுகிறவர் ஒருவரை அவருடைய மகள் பிடிவாதமாகக் கூட்டி வந்தாள். இருபது வருடமாகப் புகையிலை போடுகிறவர். டார்ச் அடித்துப் பார்த்தால் கன்னத்தின் உட்பக்கத்தில் கட்டைவிரல் நகம் அளவுக்கு வெள்ளைத் திட்டு. சுரண்டினாலும் போகவில்லை. “வலிக்கவே இல்லையேம்மா, இதுல என்ன இருக்கு” என்றார். புறநோயாளிப் பிரிவு காலையில், அவர் வண்டியை விட்டு இறங்குவதும் காலையில். இறங்கினால் தூக்கம்தான். மூன்று தடவை வீட்டுக்குப் போனேன். இரண்டு தடவை அவர் வெளியூரில். மூன்றாவது தடவை, மருத்துவமனையில் பேசி அவருக்குத் தோதான ஒரு நாளில் நேரம் வாங்கி வைத்துக்கொண்டுதான் போனேன். சதைத் துணுக்கு எடுத்துச் சோதித்தார்கள். புற்றாக மாறுவதற்கு முந்திய நிலை. அதை எடுத்துவிட்டார்கள். புகையிலையை விட இன்னும் போராடிக்கொண்டிருக்கிறார், அதற்கான ஆலோசனைக்கும் போகிறார்.

வாய்ப் பரிசோதனைக்கு டார்ச்சும் பழகிய கண்ணும் போதும். திருவனந்தபுரத்தில் பயிற்சி பெற்ற சுகாதாரப் பணியாளர்களை வைத்து நடத்திய ஆய்வின் முடிவு 2005-ல் வந்தது. புகையிலை, மதுப் பழக்கம் உள்ளவர்களில் வாய்ப்புற்று இறப்பு 34 சதவீதம் குறைந்திருந்தது. பாக்கு மட்டும் போட்டாலும் ஆபத்துதான். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 2004-லேயே அதைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருளாக அறிவித்துவிட்டது. வாயில் மூன்று வாரம் ஆறாத புண், வெள்ளையோ சிவப்போ திட்டு, வாய் முன்புபோலத் திறக்க முடியாமை, இதில் எது இருந்தாலும் முகாமுக்காகக் காத்திருக்காமல் நேராக டாக்டரிடம் போய்விடுங்கள்.

அதையே இன்னும் அழுத்திச் சொல்லவேண்டியிருக்கிறது. முகாம் என்பது அறிகுறி இல்லாதவர்களுக்கு. மார்பில் கட்டியோ, காம்பில் ரத்தக் கசிவோ, மலத்தில் ரத்தமோ, மாதவிலக்கு நின்ற பிறகு ரத்தப்போக்கோ உள்ளவர்கள் அடுத்த மாதம் முகாம் வருகிறதே என்று உட்கார்ந்திருக்கக்கூடாது. முகாமில் போன வருடம் ‘நார்மல்’ என்று சொன்னார்களே என்றும் இருந்துவிடக்கூடாது.

இன்னொன்று. உங்கள் நாளிதழில் வருகிற விளம்பரங்களைப் பற்றியும் ஒரு வார்த்தை, தவறாக எடுத்துக்கொள்ளமாட்டீர்கள் என்று நம்புகிறேன். ‘ஒரே ரத்தப் பரிசோதனையில் எல்லாப் புற்றுநோய்களையும் கண்டறியலாம்’ என்கிற ரீதியில் சில வருகின்றன. சி.ஏ.125, சி.ஈ.ஏ போன்ற சோதனைகள், நோய் இருப்பவர்களுக்குச் சிகிச்சை எப்படிப் போகிறது என்று பார்க்கப் பயன்படுகிறவை. நன்றாக இருப்பவர்களிடம் புற்றுநோயைத் தேட உதவாது. பிரிட்டனில் 2 லட்சத்துக்கும் அதிகமான பெண்களை வைத்து, சினைப்பைப் புற்றுநோய்க்கு சி.ஏ.125-ஐயும் ஸ்கேனையும் சோதித்துப் பார்த்தார்கள். 2021-ல் வந்த முடிவு, இறப்பு குறையவில்லை என்பதுதான். பணம் கொடுத்துப் பயத்தை வாங்கிக்கொண்டு வந்த பலரை நான் பார்த்திருக்கிறேன். அதே பெண்கள், முப்பது வயதுக்குமேல் அவசியம் செய்துகொள்ளவேண்டிய கருப்பைவாய்ப் பரிசோதனையை ஒருமுறைகூடச் செய்திருக்கமாட்டார்கள்.

அந்தப் பரிசோதனையும் இப்போது சுலபமாகிவிட்டது. எச்.பி.வி சோதனைக்கு மாதிரியைப் பெண்களே மறைவாகப் போய், மெல்லிய பஞ்சுக்குச்சியாலோ பிரஷ்ஷாலோ எடுத்துக் கொடுக்கலாம். உலக சுகாதார நிறுவனமும் இதை ஏற்றுக்கொண்டிருக்கிறது. யார் முன்னாலும் படுக்கவேண்டாம் என்றதும், முன்பு வராதவர்கள் எத்தனை பேர் வருகிறார்கள் தெரியுமா? முடிவு நார்மல் என்றால் ஐந்து முதல் பத்து வருடம் வரை மறுபடி சோதிக்கத் தேவையில்லை. எச்.ஐ.வி உள்ளவர்களுக்கு மட்டும் இன்னும் சீக்கிரம் தொடங்கவேண்டும், அடிக்கடியும் பார்க்கவேண்டும். பெண் பிள்ளைகளுக்கு எச்.பி.வி தடுப்பூசி 9 முதல் 14 வயதுக்குள். ஒரே தவணையும் போதும் என்று அதே நிறுவனம் 2022 டிசம்பரில் சொல்லிவிட்டது. தடுப்பூசி போட்டவர்களும் பிற்பாடு பரிசோதனைக்கு வரவேண்டும்; அது எல்லா எச்.பி.வி வகைகளையும் தடுப்பதில்லை.

கருப்பைவாய்ப் புற்றுநோயை ஒழிக்க உலக சுகாதார நிறுவனம் 2030-க்குள் என்று மூன்று எண்களை வைத்திருக்கிறது: 90, 70, 90. பெண் பிள்ளைகளில் நூற்றுக்கு 90 பேருக்கு 15 வயதுக்குள் தடுப்பூசி. பெண்களில் 70 பேருக்கு 35 வயதுக்குள் ஒரு பரிசோதனை, 45-க்குள் இன்னொன்று. நோயோ அதன் முன்நிலையோ கண்டறியப்பட்டவர்களில் 90 பேருக்குச் சிகிச்சை. கூட்டங்களில் முதல் இரண்டைப் பற்றியே எல்லோரும் பேசுகிறார்கள். மூன்றாவது எண்ணைச் சொல்லும்போது நேரமாகிவிட்டது என்று மைக்கை வாங்கிவிடுகிறார்கள். மார்பகப் புற்றுநோய்க்கும் அதே நிறுவனம் ஒரு கெடு வைத்திருக்கிறது: கட்டி என்று வந்து நிற்கிறவருக்கு, அது என்னவென்று 60 நாளுக்குள் உறுதிசெய்து சொல்லிவிடவேண்டும். 60 நாள். என் அக்காவின் சீட்டு அதைப்போல ஏழு மடங்கு நாள் பர்ஸில் இருந்தது.

ஆசிரியர் அவர்களே, உங்களிடம் நான் கேட்பது ஒன்றே ஒன்றுதான். முகாம் நடந்தது என்று செய்தி போடுங்கள், படமும் போடுங்கள். ஊக்கம் வேண்டியதுதான். போட்ட தேதியை உங்கள் டைரியில் குறித்துக்கொள்ளுங்கள். மூன்று மாதம் கழித்து உங்கள் நிருபர் அதே அமைப்பாளர்களுக்கு ஒரு போன் போடட்டும். எத்தனை பேருக்கு மேல் பரிசோதனை தேவைப்பட்டது, அவர்களில் எத்தனை பேர் மருத்துவமனைக்குப் போய்ச் சேர்ந்தார்கள், எத்தனை பேருக்குச் சிகிச்சை தொடங்கியது? யாருடைய பெயரும் வேண்டாம், எண்ணிக்கை போதும். அந்தச் செய்தியையும் அதே பக்கத்தில் போடுங்கள். ‘பயனடைந்தனர்’ என்ற வார்த்தையை அதற்கு வைத்துக்கொள்ளுங்கள். முதல் நாள் செய்திக்கு, ‘பரிசோதித்துக்கொண்டனர்’ என்று எழுதினால் போதும்.

மூன்று மாதம் கழித்துப் பத்திரிகையிலிருந்து கேட்பார்கள் என்று தெரிந்தால், பதிவு மேஜையில் கதவு எண்ணைக் கேட்டு எழுதுவார்கள். எனக்கு அதில் சந்தேகமே இல்லை. நன்கொடை கொடுக்கிறவர்களுக்கும் சொல்லுங்கள்: பந்தலுக்கும் பேனருக்கும் கொடுப்பதில் ஒரு பங்கை, வீடு தேடிப் போகிற ஒருவருடைய சம்பளத்துக்கும், சிகிச்சைக்குப் போகிறவர்களின் பஸ் செலவுக்கும் ஒதுக்கச் சொல்லுங்கள். போட்டோவில் வராத செலவு அது, கேட்டால்தான் கொடுப்பார்கள்.

என் நோட்டில் இந்த மாதம் இன்னும் இரண்டு பெயர் பாக்கி இருக்கிறது. ஒருவருக்கு புதன்கிழமை நேரம் வாங்கியாயிற்று. இன்னொரு பெண் வேலைக்காக வெளியூர் போயிருக்கிறாள், சனிக்கிழமை ராத்திரி திரும்பிவிடுவாள் என்று தோழி சொன்னாள். ஞாயிற்றுக்கிழமை காலையில் அவள் வீட்டுக்குப் போகிறேன். பச்சை கேட், எதிரில் தண்ணீர்த் தொட்டி.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற செவிலியர், உங்கள் வாசகி